ஒரே பார்கோட், இரண்டு விலை: புதுக்குடியிருப்புக் கடையில் பில் மென்பொருளோடு ஆறு வருடங்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் எங்களுக்கு இரண்டு பலசரக்குக் கடைகள். பெரியது புதுக்குடியிருப்பில், சின்னது விசுவமடுவில். 2019 இல் பெரிய கடைக்கு பில் மென்பொருள் போட்டோம், 2023 இல் சின்னக் கடைக்கும். மல்லாவியில் கடை வைத்திருக்கும் மச்சான் போன கிழமை கோல் எடுத்து, "நானும் ஒண்டு போடப்போறன், எதைப் பார்த்து வாங்கிறது?" என்று கேட்டார். அரை மணித்தியாலம் கதைத்தும் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை எழுதி வைக்கிறேன், அவரைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவட்டும்.

முதல் ஆறு மாதமும் பில் வேகமாக வந்ததைத் தவிர வேறு பயன் எதையும் நாங்கள் காணவில்லை. இருப்பு ஒன்றும் பொருந்தாது. ராக்கையில் இருபது சவர்க்காரம் இருக்கும், திரையில் கழித்தல் ஏழு என்று நிற்கும். பிழை எங்களுடையதுதான். கம்பனி வான் வந்து சாமானை இறக்கும், பொடியன்கள் உடனே அடுக்குவார்கள், கொள்வனவு பில் காசுப்பெட்டிக்குள் கிடக்கும். இரவு பதியலாம் என்று விட்டு மூன்று நாள் போய்விடும். அதற்குள் பாதிச் சாமான் விற்றிருக்கும்.

பிறகு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தோம். பதியாத பெட்டி வாசல் மேசையைத் தாண்டக்கூடாது. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "சனம் கேட்டு நிக்குது, நீ பெட்டியை மேசையில வச்சுக்கொண்டு இருக்கிறாய்" என்று ஏசினார். இரண்டு மாதத்தில் இருப்பு வழிக்கு வந்ததும் அவரே பெட்டிக்குக் காவல் நிற்கத் தொடங்கினார். அப்படியும் சில பொருட்கள் பிழைத்துக்கொண்டே இருந்தன. ஒரே விலையில் மூன்று வாசனையில் வரும் சவர்க்காரத்தை வாடிக்கையாளர் கலந்து எடுத்து வருவார். பில் போடுபவர் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து மூன்று என்று அடித்துவிடுவார். மல்லிகை கழித்தலில் நிற்கும், எலுமிச்சை கூடி நிற்கும். களவு போகிறதோ என்று கடைப் பிள்ளைகளைச் சந்தேகத்தோடு பார்த்த நாட்களும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் மனம் கஷ்டப்படுகிறது. இருப்புக் குறைந்தால் ஆளைப் பார்க்க முதல் பக்கத்துப் பொருளின் இருப்பைப் பாருங்கள்.

எங்களை மிகவும் படுத்தியது விலை. 2022 இல் ரூபாய் விழுந்த வேகத்தில் பால்மா, பிஸ்கட், சவர்க்காரம் எல்லாம் அடுத்தடுத்து விலை மாறி வந்தன. பார்கோட்டுக்குள் விலை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது 13 இலக்கங்கள் மட்டும். இலங்கைக் கம்பனிகள் இங்கே பதிந்து எடுத்தவை 479 என்று தொடங்கும், பிறகு கம்பனிக்கும் பொருளுக்கும் உரிய எண்கள், கடைசி இலக்கம் மற்றவை சரியா என்று சோதிப்பதற்கு. விலை இருப்பது எங்கள் கணினியில். ஆகவே பழைய விலை அச்சடித்த பைக்கற்றும் புதிய விலைப் பைக்கற்றும் ஸ்கேனருக்கு ஒன்றுதான்.

எங்கள் மென்பொருளில் அப்போது ஒரு பொருளுக்கு ஒரு விலைதான் போடலாம். புதிய விலையைப் போட்டால் பழைய பைக்கற்றுக்கும் அதே காசு விழும். பொதியில் அச்சிட்ட விலையைவிடக் கூட்டி விற்பது குற்றம், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை பிடித்தால் வழக்கு. அதைவிட ஒரு அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "தம்பி, இதில நூற்றிருபது எண்டு கிடக்கு, நூற்றறுபது எடுத்திருக்கிறியள்" என்று பைக்கற்றை மேசையில் வைத்தது எனக்குப் பெரிதாகப் பட்டது. காசைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டோம். அன்றிரவே பழைய சரக்குக்கெல்லாம் 2 இல் தொடங்கும் பார்கோட்டை நாங்களே லேபலில் அச்சடித்து ஒட்டினோம். அப்படித் தொடங்கும் எண்கள் கடைகளின் உள்பாவனைக்கு என்று விடப்பட்டவை, அதனால் வேறு பொருளோடு முட்டாது. பல மாதம் கழித்து வந்த புதிய பதிப்பில், ஒரு பார்கோட்டை அடித்தால் இருக்கும் விலைகள் எல்லாம் வரும், பைக்கற்றைப் பார்த்துத் தெரிவு செய்யலாம். பில்லுக்குச் சில விநாடி கூடும். போகட்டும், அந்த விநாடிகள் தேவைதான்.

அந்த வருடம் இலாப அறிக்கையையும் நம்பக்கூடாது என்று கண்டுகொண்டோம். நூறுக்கு வாங்கி நூற்றுப்பத்துக்கு விற்றால் பத்து ரூபாய் இலாபம் என்று திரை காட்டும். அதே சாமானைத் திரும்ப வாங்க நூற்று நாற்பது வேண்டும். காசுப்பெட்டி நிறைந்திருக்க ராக்கை காலியாகிக்கொண்டு போனது. அதனால் ரூபாயை விட்டு எண்ணிக்கையைப் பார்க்கப் பழகினோம்: இன்று விற்ற காசுக்கு நாளை எத்தனை பெட்டி எடுக்கலாம்?

சில்லறைச் சாமானில் அலகைச் சரியாகப் போடாவிட்டால் எல்லாம் குழம்பும். சீனி மூட்டை 50 கிலோ. 250 கிராம் பைகளாகக் கட்டும்போது சிந்துவதும் கூடிப்போவதும் இருக்கும், அதைக் கழிவு என்று பதிய ஒரு இடம் வேண்டும். தேங்காய் எண்ணெயில் எனக்கு ஒரு வருடம் போனது. 20 கிலோ கானை 20 லீற்றர் என்று பதிந்து, 750 மில்லிலீற்றர் போத்தலாக விற்றோம். கணினியின் கணக்குக்கு 26 போத்தல். நாங்கள் 28 விற்ற பிறகும் கானின் அடியில் எண்ணெய் கிடக்கும். எண்ணெய் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, ஒரு லீற்றர் ஏறத்தாழ 920 கிராம்தான். கிலோவுக்கு 1.45 போத்தல் என்று மாற்றிப் போட்ட பிறகுதான் அந்தக் கணக்கு நேரானது.

கரண்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். யூபிஎஸ் இருபது நிமிடம்தான் தாங்கியது. பழைய லப்டொப் ஒன்றும் வாகனப் பற்றரியில் ஓடும் இன்வேட்டரும் எங்களைக் காப்பாற்றின. இணையம் இல்லாமலும் பில் போடக்கூடிய மென்பொருளையே வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் தரவைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எங்களுக்கு ஒரு முறை ஹார்ட் டிஸ்க் போய், ஒன்பது நாள் கணக்கைக் கையால் திரும்பப் பதிந்தோம்.

கடன் விடயத்தில் நகரத்துக்குச் செய்த மென்பொருள் எங்கள் வன்னிப் பக்கத்துக்குப் பொருந்தவில்லை. முப்பது நாள் தாண்டினால் மஞ்சள், தொண்ணூறு தாண்டினால் சிவப்பு. ஐப்பசியில் விதைத்தவர் மாசி, பங்குனியில் நெல் விற்றுத்தான் கட்டுவார். தை மாதத்தில் பட்டியலைத் திறந்தால் ஊர் முழுக்கச் சிவப்பு. அவர்கள் ஒருவரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. தவணைத் திகதியை ஆளுக்கு ஆள் போடும் வசதியைக் கேட்டு வாங்கினோம். வயல்காரருக்குக் காலபோக நெல் வெட்டு முடிந்த பிறகு, கடற்றொழில் செய்பவருக்கு இரண்டு கிழமை, சம்பளக்காரருக்கு மாதக் கடைசி.

வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய சிறு திரையில் பெயரும் பழைய பாக்கியும் பெரிய எழுத்தில் வரும். பின்னால் நிற்பவரும் வாசிக்கலாம். ஒரு அம்மா திடீரென்று வராமல் விட்டார். ஒழுங்காகக் கட்டுபவர். வேறொருவர் சொல்லித்தான் காரணம் தெரிந்தது. அன்றே அந்த வரியை எடுக்கச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பேசினேன், இப்போது வருகிறார்.

பில் கடதாசியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெப்பத்தில் அச்சாகும் கடதாசி எங்கள் வெயிலுக்கு நாலைந்து மாதத்தில் வெளிறிவிடுகிறது. அறுவடை வரும்போது வாடிக்கையாளர் கையில் இருப்பது வெறும் வெள்ளைத் துண்டு. அதனால் கடன் கொப்பியை நாங்கள் விடவில்லை. பில் இலக்கமும் தொகையும் அவருடைய கொப்பியில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம். பொருளின் பெயரையும் தமிழில் அச்சடிக்கிறோம். தொடக்கத்தில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாக வந்தது, ஆங்கிலத்தில் போட்டால் வயதானவர்களுக்குத் தாங்கள் என்ன வாங்கினோம் என்றே தெரியவில்லை.

மச்சான் வருகிற ஞாயிறு இரண்டு விற்பனையாளர்களைக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன். பழைய விலையும் புதிய விலையும் அச்சடித்த இரண்டு பிஸ்கட் பைக்கற்றும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் கொண்டுபோய், தமிழில் ஒரு கடன் பில் போட்டுக் காட்டச் சொல்லப் போகிறேன். பாதியில் மெயின் சுவிட்சையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.