முதலில் சூரியன், பிறகு ஹப்பிள், அதன்பின் வெப்

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகள், விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்களை வைத்து அறிவியல் செயல்திட்டம் ஒன்றைச் செய்ய விரும்பினாள். “ஜேம்ஸ் வெப் படத்தையே எடுத்துக்கிறேன் மாமா, அதுதானே இருக்கிறதிலேயே பெரிசு?” என்று மார்ச் பள்ளி விடுமுறையில் கேட்டாள். அப்போது சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு தொலைநோக்கியின் தரவையும் திறந்து பார்த்த பிறகு, புதிதாகத் தொடங்கும் ஒருவர் வெப்பைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு சற்றுக் கூடுதலாகவே முக்கியம். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கில் இருப்பதால் இரு அரைக்கோளங்களின் விண்மீன்களும் நம் வானில் எழுகின்றன. ஆனால் மேகமும் நகர வெளிச்சமும் அவற்றில் பெரும்பாலானவற்றை மறைத்துவிடுகின்றன. ஜூரோங் ஈஸ்ட்டிலுள்ள அறிவியல் நிலையத்தின் வானாய்வகத்துக்கு வெள்ளிக்கிழமை இரவில் போய், மேகம் விலகும் என்று காத்திருந்து திரும்பியவர்களில் நானும் ஒருவன். சொந்தத் தொலைநோக்கியால் முடியாததை விண்வெளித் தொலைநோக்கிகளின் பொதுத் தரவு ஈடுசெய்யும் என்பதால், எந்தத் தரவு என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஹப்பிளையும் வெப்பையும் முதலில் பார்ப்போம். 1990 ஏப்ரல் 24 அன்று ஏவப்பட்ட ஹப்பிளின் முதன்மை ஆடி 2.4 மீட்டர் விட்டமுடையது. அது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை மட்டுமே சாய்ந்திருப்பதால், மாஸ்கோவில் இருப்பவர் ஒருபோதும் காண முடியாத ஹப்பிளை, மேகமில்லாத அந்தியில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடி நடைபாதையிலிருந்து நகரும் ஒளிப்புள்ளியாக நான் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட வெப்போ பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. பொன் பூசிய 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்த அதன் ஆடி 6.5 மீட்டர் அகலமுடையது. டென்னிஸ் திடல் அளவுள்ள ஐந்தடுக்கு வெயில் மறைப்பு அதைக் கடுங்குளிரில் வைத்திருக்கிறது. ஹப்பிளின் ஆடியில் இருந்த வடிவப் பிழையை 1993-இல் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தார்கள். 2009 வரை மொத்தம் ஐந்து முறை பராமரிப்புப் பயணம் நடந்தது. வெப்புக்கு அத்தகைய பயணம் எதுவும் திட்டமிடப்படவில்லை.

ஆனால் ஆடியின் அளவை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் முக்கியமான வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். ஹப்பிள் புற ஊதாவையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அண்மை அகச்சிவப்பில் ஒரு பகுதியையும் பார்க்கிறது. வெப் முழுக்க முழுக்க அகச்சிவப்புக்கென்றே கட்டப்பட்டது. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில், கழுகு நெபுலா என்ற வாயு, தூசு மேகத்தில் உள்ள தூசுத் தூண்களை ஹப்பிள் 1995-இலும் வெப் 2022-இலும் படமெடுத்தன. இரண்டையும் திரையில் அருகருகே வைத்தால், ஹப்பிளின் படத்தில் மழைக்கு முந்திய கருமேகம்போல் தூண்கள் அடர்ந்து நிற்கின்றன. வெப்பின் படத்தில் அதே தூண்கள் பாதி கரைந்தாற்போல் ஒளி ஊடுருவி, அவற்றின் விளிம்புகளில் இப்போதுதான் உருவாகிவரும் விண்மீன்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. தூசி எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு ஹப்பிள் படமும், தூசிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு வெப் படமும் உதவும். இரண்டும் ஒரே கேள்விக்குப் போட்டியிடும் விடைகள் அல்ல.

ஒரே கேள்வியை இரண்டும் எதிர்கொண்ட இடமும் உண்டு. பிரபஞ்சம் விரியும் வேகத்தை, ஒளி கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களைக் கொண்டு ஹப்பிள் அளந்தபோது மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு வினாடிக்குச் சுமார் 73 கிலோமீட்டர் என்று கிடைத்தது. பிரபஞ்சத்தின் தொடக்ககால ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்கோ 67 சொச்சம்தான். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களில் செஃபீட்களின் ஒளியோடு அக்கம்பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து ஹப்பிளை ஏமாற்றியிருக்கலாம் என்று பலர் ஐயப்பட்டார்கள். வானியலாளர் ஆடம் ரீஸ் தலைமையிலான குழு அதே விண்மீன்களை வெப்பின் கூரிய பார்வையில் பிரித்துப் பார்த்து, ஹப்பிளின் அளவீடு சரியானதே என்று 2023-இல் உறுதிப்படுத்தியது. வேறுபாடு இன்னும் தீரவில்லை. பழைய கருவி என்று ஹப்பிளை ஒதுக்குபவர்கள் இந்த ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்.

எக்ஸ் கதிரில் பார்க்க விரும்புவோருக்கு 1999-இல் ஏவப்பட்ட சந்திரா இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்கியிருப்பது நமக்கெல்லாம் பெருமைதான், ஆனாலும் அதன் தரவு ஒரு பள்ளி மாணவிக்குக் கடினமானது.

சூரியனை ஹப்பிளாலும் பார்க்க முடியாது, வெப்பாலும் முடியாது. பார்த்தால் கருவிகள் கெட்டுவிடும். சூரியனுக்கென்றே விண்கலங்களின் தனி வரிசை இருக்கிறது. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ, 2010 பிப்ரவரியில் ஏவப்பட்ட எஸ்டிஓ (சூரிய இயக்கவியல் ஆய்வுக்கலம்), 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்1 ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் போதும். பார்க்கர் சூரியனுக்கு மிக அருகே பாய்ந்து துகள்களை அளக்கும் கலம் என்பதால் இந்த வரிசையில் சேராது.

ஆதித்யாவின் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி என்பதால் என் மனம் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்கு அறிவியல் காரணமும் உண்டு. சூரியனின் வட்டை மறைத்து அதன் வெளி வளிமண்டலமான கொரோனாவைப் பார்க்கும் கருவிகளில், சோஹோவில் இப்போது இயங்குபவை சூரியனின் மையத்திலிருந்து அதன் ஆரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்குத் தொலைவிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகின்றன. உள்ளே பார்க்கக்கூடிய கருவியை, 1998-இல் தொடர்பு அறுந்து கலம் உறைந்துபோனபோது சோஹோ இழந்துவிட்டது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆதித்யாவுக்குச் செய்துகொடுத்த, கொரோனாகிராஃப் எனப்படும் அத்தகைய கருவி, 1.05 ஆரத்திலிருந்தே பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டது. வெடிப்புகள் கிளம்பும் இடம் அதுதான். மேலும் ஆதித்யா, பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஈர்ப்பு சமநிலை கொள்ளும் எல்1 புள்ளியைச் சுற்றி நிற்பதால் சூரியன் அதற்கு மறைவதே இல்லை. எஸ்டிஓவுக்கோ ஆண்டில் இரண்டு பருவங்களில் பூமியே குறுக்கே வந்து நாள்தோறும் சிறிது நேரம் மறைக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நான் எஸ்டிஓவைத்தான் பரிந்துரைக்கிறேன். அது 4096 படப்புள்ளி (பிக்சல்) அகலமும் அதே உயரமும் உள்ள சூரியப் படங்களைப் பல அலைநீளங்களில் சில வினாடிகளுக்கு ஒருமுறை எடுக்கிறது. இன்று காலை எடுத்த படத்தை இன்றே எவரும் பதிவிறக்கலாம். வெப்பின் தரவிலோ பெரும்பகுதி, ஆய்வைக் கேட்டுப் பெற்ற குழுவிடம் ஓராண்டு வரை இருந்த பிறகே பொதுவுக்கு வருகிறது. பொன்னிறத்தில் தெரியும் 171 ஆங்ஸ்ட்ராம் அலைநீளப் படத்தில் ஒரு படப்புள்ளி என்பது சூரியனில் ஏறத்தாழ 430 கிலோமீட்டர், அதாவது இங்கிருந்து கோலாலம்பூருக்குள்ள நேர்த்தொலைவை விட அதிகம் என்று சொன்னதும் அக்கா மகள் திரையை நெருங்கிப் பார்த்தாள். அந்தப் பொன்னிறம் நாமாகப் பூசியது, அந்த ஒளி கண்ணுக்கே தெரியாதது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் நிறத்தையே அளவீடாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அவள் கடைசியில் எடுத்துக்கொண்டது, சூரியனின் முகத்தில் கருமையாகத் தெரியும் ஒரு சூரியப்புள்ளியை. எட்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துப் படத்தை அச்சிட்டு, அதன்மேல் ஒளிபுகும் தாளை விரித்துப் புள்ளி நின்ற இடத்தைக் குறித்தாள். நடுவில் வேகமாகவும் விளிம்பில் மெதுவாகவும் அது நகர்வதுபோல் தெரிந்ததும் குழம்பினாள். பார்ப்பது தட்டையான வட்டு அல்ல, உருண்டை என்று தானே கண்டுபிடித்துக் கோணத்துக்கு மாற்றிக் கணக்கிட்டாள். நாளொன்றுக்கு 13 பாகைக்குச் சற்று மேல் வந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவது பூமியிலிருந்து பார்க்கையில் சுமார் 27 நாளில் என்பதை அவள் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. வெப்பின் படத்தை வைத்து அவளால் இதைச் செய்திருக்க முடியாது. அழகிய படத்தை ஒட்டி, பிறர் எழுதிய விளக்கத்தைக் கீழே எழுதியிருப்பாள்.

அடுத்த விடுமுறைக்கு அவள் ஹப்பிளின் காப்பகத்துக்குப் போகிறாள். எட்வின் ஹப்பிள் 1923-இல் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தில் கண்டறிந்த, சுமார் 31 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் வி1 என்ற செஃபீட் விண்மீனை, அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கியே 2010-2011-இல் மீண்டும் படமெடுத்தது. அந்தப் படங்களைத்தான் கேட்டிருக்கிறாள், ஒளிபுகும் தாளையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.