18,500 ரூபா போச்சு, நிறை அப்பிடியே கிடக்கு: பாமசியில "வெயிட் குறைக்கிற புரோகிராம்" எண்டா கவனம்

இண்டைக்குப் பின்னேரம் தான் கடைசியாப் போய்ச் சண்டை பிடிச்சுட்டு வந்தன், இன்னும் கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக் கொள்ளுங்கோ. திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு பாமசி, பேர் சொல்லேல்ல. அம்மாட பிரஷர் குளிசை ஆறேழு வருஷமா அங்க தான் வாங்கிறம், காசு குறைஞ்சாலும் "பிறகு தாங்கோ அக்கா" எண்டு தாற ஆக்கள். அந்த நம்பிக்கை தான் என்னைக் கவிழ்த்தது.

மூண்டு மாசத்துக்கு முன்னம் வெள்ளைக் கோட் போட்ட ஒரு மிஸ், கவுண்டருக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருத்தி, டேப்பால இடுப்பை அளந்து, மஞ்சள் கார்ட்டில வடிவா எழுதினா. 71.4 கிலோ, இடுப்பு 94 சென்ரிமீற்றர். "எங்கட ஆக்களுக்கு பிஎம்ஐ, அதுதான் உயரத்துக்கேத்த நிறைக் கணக்கு, 23 தாண்டினாலே கூட அக்கா, பொம்பிளையளுக்கு இடுப்பு 80க்குள்ள இருக்கோணும்" எண்டா. அது உண்மை தான், பிறகு கிளினிக்கிலயும் கேட்டன், அதே கணக்கு தான். உண்மையச் சொல்லித் தான் ஆளை விழுத்தினது. அந்த இடத்திலயே 18,500 எண்ணிக் குடுத்தன். பில் கேக்கேல்ல, மடைச்சி.

கிழமைக்கொருக்கா நிறுப்பினம், 12 கிழமை எண்டு பேச்சு. முதல் நாள் செருப்போட, ஹேண்ட்பேக் தோள்ல கிடக்க நிறுத்தது, ரெண்டாம் கிழமை செருப்பைக் கழட்டுங்கோ, பேக்கை இஞ்ச தாங்கோ எண்டு போட்டு "1.4 கிலோ குறைஞ்சிட்டு அக்கா!" எண்டு கை தட்டினா. நானும் சிரிச்சுக்கொண்டு வந்தன். டயட் பேப்பரில சமன் மீன், ஒலிவ் ஒயில், புரோக்கோலி. வாசல்ல கீரிமீனும் சூடையும் கூவி விக்கிற ஊர் இது.

பிறகு லேபிள் இல்லாத கப்சியூல், சின்னப் பொலித்தீன் பையில, "மூலிகை தான்". நான் தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசை குடிக்கிறன், அதை ஒருத்தரும் கேக்கேல்ல. நாலாம் நாள் ராவெல்லாம் நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்ல, வாய் காய்ஞ்சு போய்க் கிடக்கு. கிளினிக் டொக்டர் பையைப் பாத்துட்டு உடன நிப்பாட்டச் சொன்னார். சிபுட்ரமின் எண்ட நிறை குறைக்கிற மருந்தை இதயத்துக்கு ஆபத்தெண்டு 2010ல அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் நிப்பாட்டினவையாம், அதை இப்பிடி மூலிகை எண்டு விக்கிற கப்சியூலுக்குள்ள கலந்து வேற நாடுகளில பிடிபட்டிருக்காம், இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு டெஸ்ட் பண்ணாமச் சொல்லேலாது எண்டார்.

காசைத் திருப்பிக் கேக்கப் போனா மிஸ் லீவு. அடுத்த கிழமை மிஸ் கொழும்பில ட்ரெயினிங். பிறகு "அவ இஞ்ச வேலை செய்யேல்ல, கம்பனி ஆள்". வட்ஸ்அப்பில நீல டிக் விழுது, பதில் இல்ல. இண்டைக்கு முதலாளி, மருந்து வாங்க நிண்ட ஆக்களுக்கு முன்னால "வாயைக் கட்டினாத் தானே அக்கா குறையும், மருந்து என்ன செய்யும்" எண்டு சிரிக்கிறார். 18,500 ரூபா வாங்கேக்க உந்த ஞானம் எங்க போனது?

அறிவுரை நிறைய எழுதலாம் எண்டு தான் தொடங்கினன், ஏலாம கிடக்கு. பில் இல்லாமக் காசு குடுக்காதேங்கோ. லேபிள் இல்லாத எதையும் வாயில வைக்காதேங்கோ. குடிக்கிற மருந்தெல்லாத்தையும் நீங்களே முதல்ல சொல்லுங்கோ. நுகர்வோர் அதிகாரசபை நம்பர் 1977, நாளைக்கு எடுக்கப் போறன். மஞ்சள் கார்ட் வேற ஆரிட்டயும் கிடந்தா இன்பொக்ஸ் வாங்கோ, தனிய எண்டாத் தான் என்னை ஏச்சுக் கலைக்கினம்.