இஎல்எம் 327 ஸ்கானர்: வன்னியில் பாவித்த அனுபவம்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கற்றில் குத்தி, புளூடூத்தால் போனோடு இணைத்து, காரின் கம்பியூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடுகளை (கோட்) வாசிக்கும் சின்னப் பெட்டி இது. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் கார் ஓடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது காட்டும் கோட் ஒன்றை மட்டும் நம்பிச் சாமான் வாங்க ஓடாதீர்கள்.

காலபோக அருவி வெட்டு முடிந்த கையோடு எங்கள் கார் காலையில் ஸ்டார்ட் எடுக்க அடம்பிடிக்கத் தொடங்கியது. எஞ்சின் சூடாக முதலே ரேடியேற்றர் விசிறி ஓயாமல் சுற்றியது. ஸ்கானரைக் குத்தினால் பி0118: கூலன்ற் (எஞ்சினைக் குளிரவைக்கும் நீர்) வெப்பநிலை சென்சர். கராஜ் அண்ணை, "சென்சர் போயிட்டுது தம்பி, வவுனியாவில ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். அந்தக் கோட் சொல்வது வோல்ற்றேஜ் அளவுக்கு மேலே நிற்கிறது என்பதை மட்டும்தான். சென்சர் செத்தாலும் வயர் அறுந்தாலும் அதேதான் வரும்.

சென்சர்கள் அந்த நேரம் சொல்வதைக் காட்டும் லைவ் டேற்றாவைத் திறந்தோம். கூலன்ற் −40 பாகை. வன்னியில்! சுற்று எங்கோ அறுந்தால் கம்பியூட்டர் அப்படித்தான் வாசிக்கும். சென்சரின் பிளக்கைக் கழற்றி, வயர்ப் பக்க முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் தொடுத்தோம். வயர் நல்லதென்றால் வாசிப்பு 140 பாகை வரை துள்ள வேண்டும். அசையவேயில்லை. சரி, வயர்தான். தடவிக்கொண்டே போக, பற்றரித் தட்டுக்கு அடியில் எலி அரித்திருந்தது. உறை உரிந்து, செப்பு பச்சை பிடித்து, இரண்டாகக் கிடந்தது. வயலில் அறுப்பு முடிந்தால் எலிக்கு எங்கள் பொனற்தான் வீடு. சாண் வயரும் கொஞ்ச ஈயமும் போட்டதோடு −40 போய்விட்டது; பழைய சென்சர்தான் இப்போதும் ஓடுகிறது.

கிரவல் றோட்டுப் புழுதிக்கும் இது உதவும். காற்றளவு சென்சரில் புழுதி படிந்தால் வரும் காற்றைக் குறைத்துக் காட்டும், பி0171 (காற்றுக்கு எரிபொருள் போதாது என்ற கோட்) விழும். பியூவல் ட்ரிம் (கம்பியூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 10 சதவீதத்தைத் தாண்டியே நின்றால், முதலில் எயார் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அந்தச் சென்சருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவுங்கள். காபரேற்றர் கிளீனர் அடித்தால் சென்சர் பழுதாகிவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. மலிவு நகல்கள் நடுவில் இணைப்பை விட்டுவிடும். பழைய யப்பான் கார்கள் சிலவற்றோடு பேசவே பேசாது. எயார்பேக், ஏபிஎஸ் கோட்கள் பெரும்பாலும் இதில் வராது. அதற்கு கராஜின் பெரிய ஸ்கானர்தான். இரவில் கழற்றி வையுங்கள். சொக்கற்றுக்கு எப்போதும் மின் வருவதால், நாட்கணக்கில் நிற்கும் காரின் பற்றரியை இது மெல்ல மெல்லக் குடித்துவிடும்.