கரீபிய வணிகருக்குத் துணை யார்: வட்டார அலுவலகமா, உள்ளூர்க் குழுவா, ரம் சங்கமா?

1997-ல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரம் உள்ளிட்ட வெள்ளை மதுவகைகள் மீதான சுங்கவரியைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தன. பேசியவர்கள் அவர்கள் இருவர்தான். அடி விழுந்ததோ கரீபியத் தீவுகளின் ரம் ஆலைகளுக்கு. ஐரோப்பாவில் அவற்றுக்குக் கிடைத்துவந்த வரிச்சலுகைக்கு அதன்பின் பெரிய மதிப்பில்லை.

அதே ஆண்டில்தான் கரீபிய அரசுகள் வட்டாரப் பேச்சுவார்த்தைக்கென ஒரு பொது அமைப்பைத் தொடங்கி, ஸ்ரீதத் ராம்பாலைத் தலைமைப் பேச்சாளராக்கின. எழுபதாயிரம் பேர் வாழும் டொமினிக்கா போன்ற தீவு, உலக வர்த்தக நிறுவனம், ஐரோப்பா, 34 நாடுகளின் அமெரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகத் திட்டம் என்று மூன்று மேசைகளுக்கும் தனித்தனியாக ஆள் அனுப்ப முடியுமா? அந்த வகையில் இந்த ஏற்பாடு சரிதான். ஒப்பந்த வாசகம் தெரிந்த வழக்கறிஞர்களும் பொருளியலாளர்களும் ஓரிடத்தில் சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியது அரசுகளுக்கு. மிளகாய்ச் சாஸ் தயாரிப்பவர் போய்த் தட்டக்கூடிய கதவு அது இல்லை. 2009-ல் அது கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் செயலகத்துக்குள் வர்த்தகப் பேச்சுவார்த்தை அலுவலகமாக அடங்கியது. கதவு இன்னும் தள்ளிப் போனது என்பேன்.

உள்ளூர்க் குழுக்கள் வேறு மாதிரி. ஜமைக்காவில் அரசு, தொழில்துறை, தொழிற்சங்கம் எல்லாம் சேர்ந்த குழு. பார்படோஸில் தனியார் துறையே வைத்துக்கொண்ட வர்த்தகக் குழு. இவற்றில் எனக்குப் பிடித்தது உள்ளே நடக்கும் சண்டை. பிஸ்கட் தயாரிப்பவர் வெளிநாட்டு பிஸ்கட்டுக்கு வரி வேண்டும் என்பார், இறக்குமதி செய்பவர் வேண்டாம் என்பார். அதை வீட்டிலேயே அடித்துத் தீர்த்துவிட்டால் வெளியே போய் ஒரே குரலில் பேசலாம். இதற்கும் ஆளும் பணமும் வேண்டும். கிழக்குக் கரீபியத்தின் சின்னத் தீவுகளுக்கு அது எளிதில்லை.

முடிவு காட்டியது மூன்றாவது வழி. மேற்கிந்திய ரம் உற்பத்தியாளர் சங்கம் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. இழப்பை எடுத்துச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்து 7 கோடி யூரோ திட்டத்தைப் பெற்றது. அந்தப் பணம் ஆலைகளைப் புதுப்பிக்கவும், கழிவுநீரைச் சுத்திகரிக்கவும், 'அசல் கரீபிய ரம்' முத்திரையை விளம்பரப்படுத்தவும் போனது. ஒரே பொருள், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய நிறுவனங்கள், சுங்கப் பட்டியலில் 2208.40 என்ற ஒரே எண்: சங்கம் ஒன்றாக நிற்க இவ்வளவும் உதவின.

பாடகருக்கும் சமையற்கலைஞருக்கும் அந்த வசதி கிடையாது. 2008 அக்டோபரில் பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் கையெழுத்தான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், ஒப்பந்த வேலையாக ஐரோப்பா போய் ஆறு மாதம் வரை தொழில் செய்ய அவர்களுக்கும் வழி திறந்தது. வழி திறந்தது, விசா திறக்கவில்லை. விசா கேட்டுக் குரல் கொடுக்க அவர்களுக்கு ரம் சங்கம்போல ஒன்று வேண்டாமா? கரீபிய ஏற்றுமதி மேம்பாட்டு முகமை பயிற்சி தரும், கண்காட்சிக்குக் கூட்டிப்போகும். தூதரக ஜன்னலில் அதற்கு வேலையில்லை.

அந்த ஒப்பந்தத்தில் கரீபியம் ஐரோப்பாவிலிருந்து வரும் இறக்குமதியில் ஏறத்தாழ 87 சதவீதத்துக்கு 25 ஆண்டுகளில் வரியை எடுத்துவிட ஒப்புக்கொண்டது. மீதி 13-ல் தன் பொருளைச் சேர்க்கத் தெரிந்தவர் பிழைத்தார். அப்போதைய கயானா அதிபர் பாரத் ஜக்தேவ் கடுமையாக எதிர்த்தார்; ஆனாலும் மற்றவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டு ஐந்து நாள் கழித்து கயானாவும் கையெழுத்திட்டது. கடைசி வாரத்தில் எழும் எதிர்ப்பு, அது நியாயமாகவே இருந்தாலும், பட்டியலில் ஓர் எண்ணைக்கூட மாற்றாது.

சாஸ் தயாரிப்பவர் என்னிடம் கேட்டால் முதலில் உள்ளூர்க் குழுவுக்குப் போகச் சொல்வேன். இருந்தால் சங்கம், அதன் வழியாக வட்டார அலுவலகம். போகும்போது தாளில் மூன்று இருக்கட்டும்: 2103 என்ற சுங்க எண், மிளகாய் விளைந்த தீவு, பாட்டில் வந்த நாடு. ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் பிறப்பிட விதியைப் பேசும்போது முதலில் இவற்றைத்தான் கேட்பார்கள்.