அருங்காட்சியகத்தின் கணக்கைப் பார்க்க எது நல்லது: ஃபார்ம் 990-ஆ, தணிக்கை அறிக்கையா?

அமெரிக்காவில் லாப நோக்கமற்ற அருங்காட்சியகங்களின் பணக்கணக்கைத் தேடினால் மூன்று ஆவணங்கள் கிடைக்கும்: ஃபார்ம் 990, தணிக்கை செய்த நிதி அறிக்கை, ஆண்டறிக்கை. ஆண்டறிக்கையில் அழகான படங்களும் நன்கொடையாளர் பட்டியலும் இருக்கும். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அருங்காட்சியகத்தின் விருப்பம். அதனால் அதை ஓரமாக வைக்கிறேன்.

ஃபார்ம் 990 அப்படியில்லை. வரித்துறையான ஐ.ஆர்.எஸ்-க்குத் தாக்கல் செய்வது. யார் கேட்டாலும் கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களைக் காட்டியே ஆகவேண்டும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. 7-ஆம் பகுதியில் இயக்குநரின் பெயருக்கு நேரே அவர் சம்பளம் இருக்கும். அறங்காவலர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் அட்டவணை 'எல்'-இல் வரும்.

ஆனால் படிவம் கேட்காததை யாரும் எழுதுவதில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியக இயக்குநருக்கு 1995 முதல் 2003 வரை அறங்காவலர்கள் அமைத்த தனி அறக்கட்டளை ஒன்று சுமார் 53.5 லட்சம் டாலர் கொடுத்தது 2007-இல்தான் செய்தியாக வெளிவந்தது. 2008 முதல் வந்த புதிய படிவத்தில், அருங்காட்சியகத்துக்காகச் செய்த வேலைக்கு 7-ஆம் பகுதியில் பெயர் உள்ளவருக்கு வேறு அமைப்போ தனிநபரோ பணம் கொடுத்தார்களா என்று ஒரு கேள்வியே இருக்கிறது. முதலில் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் பாருங்கள். இன்னொரு குறை தாமதம்: நீட்டிப்பு வாங்கினால் நிதியாண்டு முடிந்து பத்தரை மாதம் வரை ஆகலாம்.

சரி, தணிக்கை அறிக்கை? இதைப் பொதுவில் வெளியிடச் சொல்லி மத்திய வரிச்சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அதன் கடைசியில் வரும் குறிப்புகளுக்கு ஈடு எதுவும் இல்லை. சொத்து மொத்தம் பெரிதாகத் தெரியும். அதில் எவ்வளவு நன்கொடையாளர் நிபந்தனையால் பூட்டப்பட்டது என்று குறிப்புதான் விளக்கும். பல கலை அருங்காட்சியகங்களில் ஓவியங்கள் சொத்துக் கணக்கிலேயே ஏறுவதில்லை. 2019-இல் கணக்கியல் விதி மாறியபின், சேகரிப்பில் இருப்பதை விற்ற பணத்தைப் புதிதாக வாங்க மட்டுமல்ல, இருப்பதை நேரடியாகப் பராமரிக்கவும் செலவிடலாம். எதைப் ‘பராமரிப்பு’ என்கிறார்கள் என்ற விளக்கமும் குறிப்பில் இருக்க வேண்டும். ஒரு ஓவியம் விற்பனைக்குப் போகும்போது நான் தேடும் பத்தி அதுதான்.

ஆட்களைப் பற்றிய சந்தேகம் என்றால் 990. சேகரிப்பையும் நிதிநிலையையும் பற்றியது என்றால் தணிக்கை அறிக்கை. ஒன்றுதான் படிக்க நேரம் உண்டு என்றால் என் வோட்டு தணிக்கை அறிக்கைக்கு. இரண்டிலும் வருமானத் தொகை வேறாக இருந்தால் பதறவேண்டாம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை 990-இன் அட்டவணை 'டி' வரிவரியாகக் காட்டும்.