வெளிநாட்டு டிரிப்புக்கு எந்த கார்டு? ரிவார்டு கார்டு, ஜீரோ மார்க்கப், ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு எல்லாத்தையும் வெச்சு ஒரு அலசல்

வெளிநாடு போக எந்த கிரெடிட் கார்டு நல்லதுன்னு யார்கிட்ட கேட்டாலும் முதல்ல ஏர்போர்ட் லவுஞ்ச் பத்திதான் பேசுவாங்க, அப்புறம் வெல்கம் போனஸ், அப்புறம் ஏர்லைன் மைல்ஸ். என்னைக் கேட்டா முதல்ல மார்க்கப் எவ்வளவுன்னு பாருங்க, அடுத்தது போற ஊர்ல அந்த கார்டை வாங்குவாங்களான்னு பாருங்க, லவுஞ்ச் எல்லாம் அதுக்கப்புறம்தான். லவுஞ்ச் போறப்ப ஒரு தடவை வர்றப்ப ஒரு தடவை, மார்க்கப் ஒவ்வொரு பில்லுக்கும் போய்க்கிட்டே இருக்கும்.

மார்க்கப்னா என்னன்னு தெளிவா சொல்லிடறேன், மத்த எல்லாமே இதை வெச்சுதான். நீங்க யூரோல செலவு பண்ணா அதை உங்க ஊர் பணமா மாத்தறது விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க். அவங்க ரேட் மார்க்கெட் ரேட்டுக்கு ரொம்ப பக்கத்துலயே இருக்கும், ரெண்டு பேருமே அன்னன்னிக்கு ரேட்டை அவங்க சைட்ல கால்குலேட்டரா போட்டு வெச்சிருக்காங்க, யார் வேணா பாத்துக்கலாம். அதுக்கு மேல உங்க வங்கி போடறதுதான் மார்க்கப். சாதாரண கார்டுல பெரும்பாலும் 2லேர்ந்து 3.5 சதவீதம் வரைக்கும் வரும், சில நாட்டுல அந்த கட்டணத்து மேல வரியும் சேரும்.

சரி, முதல் மோதல்: ஏற்கனவே கையில இருக்கற ரிவார்டு கார்டா, இல்ல புதுசா ஒரு ஜீரோ மார்க்கப் கார்டா? 1000 யூரோ செலவு பண்றீங்கன்னு வெச்சுக்கோங்க. ரிவார்டு கார்டுல 3 சதவீதம் மார்க்கப்னா 30 யூரோ போச்சு, 1 சதவீதம் பாயிண்ட் வந்தா 10 யூரோ திரும்ப வந்துச்சு, ஆக மொத்தம் 20 யூரோ நஷ்டம். பாயிண்ட்டே தராத ஜீரோ மார்க்கப் கார்டுல நஷ்டம் ஒண்ணுமே இல்ல. பாயிண்ட் ஏறறது மட்டும் ஆப்ல பெருசா தெரியும், மார்க்கப் ஸ்டேட்மென்ட்ல எங்கயோ ஒரு மூலையில தனி வரியா வரும், சில வங்கி அதைக்கூட தனியா காட்டாம ரேட்லயே கலந்து விட்டுடும், அதனாலதான் நிறைய பேருக்கு எவ்வளவு போகுதுன்னே தெரியறதில்ல.

ஆனா ஜீரோ மார்க்கப் கார்டுக்கு ஆனுவல் ஃபீ இருந்தா கணக்கு மாறும். வருஷத்துக்கு 60 யூரோ மதிப்புக்கு ஃபீ இருக்குன்னா, மேல சொன்ன மாதிரி பழைய கார்டுல 2 சதவீதம் நஷ்டம்னா, 3000 யூரோவுக்கு மேல வெளிநாட்டு செலவு பண்ணாதான் புது கார்டு லாபம். வருஷத்துக்கு ஒரு சின்ன டிரிப் போறவங்க ஃபீ கட்டி கார்டு வாங்கறதுல அர்த்தமே இல்ல. ஃபீ இல்லாத ஜீரோ மார்க்கப் கார்டு கிடைச்சா யோசிக்காம வாங்கலாம். இன்னொண்ணு, வெளிநாடு போகாதவங்களுக்கும் இது உதவும், வேற நாட்டு கம்பெனிக்கு வீட்ல உக்காந்து ஆன்லைன்ல காசு கட்டினாலும் மார்க்கப் விழும்.

அடுத்து ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது முன்னாடியே காசு ஏத்தி வெச்சுக்கற ப்ரீபெய்ட் கார்டு. இதோட பெரிய பலம் ஏத்தற அன்னிக்கே ரேட் ஃபிக்ஸ் ஆயிடும், நடுவுல உங்க ஊர் பணம் விழுந்தாலும் பிரச்சினை இல்ல. கடன் இல்ல, இருக்கறதுக்கு மேல செலவு பண்ண முடியாது, படிக்கப் போற பசங்களுக்கு இது நல்ல சாய்ஸ்னு நான் நம்பறேன். ஆனா ஏத்தற ரேட்லயே வங்கியோட லாபம் ஒளிஞ்சிருக்கும், அதனால "மார்க்கப் இல்ல"ன்னு சொன்னா அன்னிக்கு மார்க்கெட் ரேட் என்ன, அவங்க தர்ற ரேட் என்னன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. டாலர் ஏத்திட்டு சுவிட்சர்லாந்துல ஃபிராங்க்ல செலவு பண்ணா கிராஸ் கரன்சி கட்டணம் தனி. மிச்சம் இருக்கற காசை திரும்ப எடுக்கறப்போ இன்னொரு ரேட், யூஸ் பண்ணாம போட்டு வெச்சா அதுக்கும் சில கார்டுல ஃபீ. ஆப்ல வர்ற மல்டி கரன்சி கார்டுல, அதாவது பல நாட்டு பணத்தை ஒண்ணுலயே வெச்சுக்கற கார்டுல, ரேட் பொதுவா இதை விட நல்லா இருக்கும், ஆனா அதுலயும் சிலது மார்க்கெட் மூடியிருக்கற சனி ஞாயிறுல ரேட்டை கொஞ்சம் ஏத்திடும், அதனால வெள்ளிக்கிழமையே மாத்தி வெச்சுக்கறது புத்திசாலித்தனம்.

ஃபாரெக்ஸ் கார்டு நிஜமாவே தோக்கற இடம் ஹோட்டல் ரிசப்ஷனும் கார் வாடகை கவுன்ட்டரும்தான். செக்-இன் பண்றப்போ டெபாசிட்டுக்குன்னு ஒரு கார்டு கேப்பாங்க, அதுல ஒரு தொகையை ஹோல்டு போடுவாங்க, அதாவது எடுக்காம முடக்கி மட்டும் வெப்பாங்க. கிரெடிட் கார்டுன்னா லிமிட்ல அந்த அளவு குறையும், அவ்வளவுதான், கைக்காசு எதுவும் போகல. டெபிட் கார்டுன்னா உங்க அக்கவுன்ட்ல இருக்கற நிஜ காசு முடங்கும், ரூமை காலி பண்ணிட்டு வந்த பிறகும் அது திரும்ப வர பல நாள் ஆகலாம், அதுக்குள்ள உங்களுக்கு சாப்பாட்டுக்கு காசு வேணும். ப்ரீபெய்ட் கார்டை கார் வாடகைக்கு நிறைய இடத்துல வாங்கவே மாட்டாங்க, முழு வாடகையும் முன்னாடியே கட்டியிருந்தாலும் சாவி கிடைக்காது. அதுவும் ஓட்டறவர் பேர்லயே இருக்கற கிரெடிட் கார்டு வேணும்னு கேப்பாங்க, மனைவி பேர்ல கார்டு கணவர் பேர்ல புக்கிங்னு போய் நின்னா சிக்கல்தான். இன்னொரு விஷயம், "ஹோல்டா, சார்ஜா"ன்னு வாய் விட்டு கேளுங்க. சார்ஜ் பண்ணிட்டு அப்புறம் ரீஃபண்ட் பண்ணா போறப்ப ஒரு ரேட் வர்றப்ப ஒரு ரேட், மார்க்கப்பும் பல வங்கில திரும்ப வராது.

பணமா எடுக்கணும்னா கிரெடிட் கார்டு பக்கமே போகாதீங்க. ஏடிஎம்ல கிரெடிட் கார்டை போட்டா கேஷ் அட்வான்ஸ் ஃபீ ஒண்ணு, மார்க்கப் ஒண்ணு, அந்த ஏடிஎம் போடற கட்டணம் ஒண்ணு, அதுக்கும் மேல எடுத்த நாள்லேர்ந்தே வட்டி. பில் கட்டறதுக்கு கிடைக்கற அந்த வட்டி இல்லாத நாட்கள் கேஷுக்கு கிடையவே கிடையாது. சின்ன தொகை எடுத்தா சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்தான். இங்க ஜெயிக்கறது வெளிநாட்டு ஏடிஎம்ல கட்டணம் கம்மியா இருக்கற டெபிட் கார்டு அல்லது மல்டி கரன்சி கார்டு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம மொத்தமா ஒரு தடவை எடுக்கறது.

இப்ப எல்லாத்தையும் விட முக்கியமானது, எந்த கார்டு வாங்கினாலும் இது தெரியலைன்னா வீண். கடையில பில் போட்டு மெஷினை உங்க பக்கம் திருப்புவாங்க. திரையில ரெண்டு வரி இருக்கும், மேல யூரோல ஒரு தொகை, கீழ உங்க ஊர் பணத்துல ஒரு தொகை, எதுல கட்டறீங்கன்னு கேக்கும். உங்க ஊர் பணம் பாத்ததும் பழக்கமா இருக்கும், கை தானா அங்க போகும், சில சமயம் கடைக்காரரே உங்களுக்காக அதை அமுக்கிடுவாரு. அமுக்கினா மாத்தற வேலை நெட்வொர்க் கையில இருந்து கடைக்காரரோட வங்கி கைக்கு போயிடும், அவங்க ரேட்ல 4, 6 சதவீதம், சில இடத்துல அதுக்கும் மேல கூட ஏத்தி வெச்சிருப்பாங்க. உங்க ஜீரோ மார்க்கப் கார்டு அந்த நிமிஷமே செல்லாக்காசு. அதோட நிக்காம, உங்க ஊர் பணத்துலயே கட்டியிருந்தாலும் வெளிநாட்டு கடைங்கற ஒரே காரணத்துக்காக கட்டணம் போடற வங்கியும் இருக்கு. அதனால எப்பவும் அந்த நாட்டு கரன்சிதான். ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும், "கன்வர்ஷன் ரேட்டை ஏத்துக்கறீங்களா"ன்னு பயமுறுத்தற மாதிரி கேக்கும், வேண்டாம்னு அமுக்குங்க, பணம் வழக்கம் போல வரும்.

நெட்வொர்க்னு பாத்தா விசாவும் மாஸ்டர்கார்டும் ஏறக்குறைய சமம், இதுல அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பெரிய ஹோட்டல், ஏர்லைன்ல ஓடும், சின்ன கடையில வேண்டாம்னு தலையாட்டுவாங்க, அதை மட்டும் நம்பி போகாதீங்க. ஊரைப் பொறுத்தும் மாறும். 2022 மார்ச்லேர்ந்து ரஷ்யாவுல வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யறதில்ல. சீனாவுல கார்டை நேரா நீட்டறதை விட அலிபேங்கற பேமென்ட் ஆப்ல இணைச்சுக்கறது நல்லது, 200 யுவானுக்குள்ள இருந்தா அவங்க கட்டணம் இல்ல, மேல போனா 3 சதவீதம், அப்ப ஜீரோ மார்க்கப்பும் ஜீரோ இல்ல. ஜப்பான்ல சின்ன கடைங்க இன்னும் கேஷ்தான் கேக்கும், செவன் லெவன்ல இருக்கற ஏடிஎம் வெளிநாட்டு கார்டை எடுத்துக்கும். லண்டன்ல 2014லேர்ந்தே மெட்ரோ கேட்ல கான்டாக்ட்லெஸ் கார்டை தட்டிட்டு போகலாம், ஆனா காலையில கார்டு சாயந்திரம் ஃபோன்னு மாத்தி மாத்தி தட்டினா ரெண்டையும் தனித்தனி ஆளா எடுத்துக்கும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல கட்டணம் எடுக்க மாட்டாங்கங்கற தினசரி உச்ச வரம்போட பலன் போயிடும், ஒண்ணையே தட்டுங்க.

ஓடிபி பத்தி யாருமே யோசிக்கறதில்ல. அங்க போய் லோக்கல் சிம் போட்டுட்டு ரயில் டிக்கெட் ஆன்லைன்ல புக் பண்ணா ஓடிபி பழைய நம்பருக்கு போகும், அந்த சிம் பர்ஸுல தூங்கும். ஆப்லயே அப்ரூவ் பண்ற வசதி இருக்கற கார்டு இந்த விஷயத்துல எஸ்எம்எஸ் மட்டும் நம்பற கார்டை விட பல மடங்கு மேல, ரெண்டு கார்டு சமமா இருந்தா நான் இதை வெச்சுதான் முடிவு பண்ணுவேன். பின் நம்பரும் செட் பண்ணி மனப்பாடமா வெச்சுக்கோங்க, ஐரோப்பாவுல ஆள் இல்லாத பெட்ரோல் பங்க்லயும் டிக்கெட் மெஷின்லயும் கையெழுத்து எடுபடாது.

இன்ஷூரன்ஸ் தர்ற கார்டுன்னா டிக்கெட்டை அந்த கார்டுல வாங்கினாதான் பெரும்பாலும் செல்லும், படிச்சுட்டு வாங்குங்க. ஆஸ்பத்திரி செலவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம், தனியா ஒரு பாலிசி எடுங்க.

ஆக நான் சிபாரிசு பண்றது ஒரு ஜீரோ மார்க்கப் கிரெடிட் கார்டு, ஏடிஎம்முக்கு ஒரு டெபிட் அல்லது மல்டி கரன்சி கார்டு, ரெண்டும் வேற வேற நெட்வொர்க்ல, வேற வேற பையில. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் இன்டர்நேஷனல் யூசேஜ் ஆன் ஆயிருக்கான்னு ஆப்ல பாத்துடுங்க, எக்ஸ்பைரி தேதியும் பாருங்க. கார்டு தொலைஞ்சா கூப்பிட வேண்டிய நம்பர் அந்த கார்டோட பின்னாடிதான் அச்சடிச்சிருக்கும், அதுவும் கார்டோட சேந்து போயிடும், அதனால வெளிநாட்டுலேர்ந்து கூப்பிடற நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்குள்ள வெச்சுக்கோங்க.