மார்த்தாண்டத்து ஜெராக்ஸ் கடையில லினக்ஸ் மின்ட்

மார்த்தாண்டத்துல சின்ன ஜெராக்ஸ் கடை நமக்கு. டிடிபி, பட்டா, வில்லங்கம் எடுத்துக் கொடுக்கது, பொறவு கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், இதுதான் பொழப்பு. 2012-ல வாங்கின ஐ3 மெஷின், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. அதுக்கு 2020 ஜனவரியிலயே அப்டேட்ட நிப்பாட்டியாச்சு, நான் கண்டுக்கவே இல்ல, ஓடுற வர ஓடட்டும்னு விட்டுட்டேன். 2023 தொடக்கத்துல குரோமும் 109-ஓட செரி, இனி 7-க்கு கெடையாதுன்னு கைய விரிச்சப்பதான் வயித்த கலக்கிச்சு, கடை வேலையில பாதி பிரவுசர்லல்லா நடக்கு. மச்சினன் பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் 21.1 கொண்டு வந்தான், விண்டோஸுக்கு பதிலா போடுற ஓஎஸ், அதுல பழைய மெஷினுக்கு ஏத்த எக்ஸ்எஃப்சிஇ வகை, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம்னு சொன்னதால தைரியமா உக்காந்தேன்.

ஸ்பீடு கொள்ளாம். ஆனா உள்ளத சொல்லணும்ல, அன்னைக்கே பழைய ஹார்டு டிஸ்க்க கழத்திட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினேன், பாதி புண்ணியம் அதுக்குத்தான். பிரிண்டர்ல, ஸ்கேனரோட உள்ளது ஒயர குத்தின ஒடனே வந்துட்டு, பழைய லேசர் ரெண்டு ராத்திரி தூங்க விடல.

பெரிய எளவு தமிழ் ஃபான்ட்தான். பத்து வருஷ நோட்டீஸ் பூரா பாமினியில கெடக்கு. பாமினின்னா இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் சட்டை போட்டு விட்டது, ஃபான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா 'அம்மா' இருக்க எடத்துல எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு நிக்கும். ஃபான்ட் ஃபைல காப்பி பண்ணிப் போட்டதும் வேர்டு மாதிரி உள்ள லிப்ரேஆபீஸ் ரைட்டர்ல எழுத்து வந்துட்டு, நோட்டீஸ் டிசைன் பண்ணுற விண்டோஸ் சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர் ஃபைல்தான் பாடு. லிப்ரேஆபீஸ் டிரா அத தொறக்கும், ஆனா கொடியேற்றுக்கு கீழ நிக்க வேண்டிய நேரம் தேர்பவனிக்கு கீழ போய் நிக்கும். நம்மகிட்ட வாரவங்களோ "போன வருச நோட்டீஸ்ல தேதிய மட்டும் மாத்திக் குடு மக்கா"ன்னுதான் வருவாங்க, பிரஸ்ஸுக்கு அன்னைக்கு சாயங்காலமே போணும். அதனால பழைய செகண்ட்ஹேண்ட் 4 ஜிபி ரேம் இன்னொண்ணு போட்டு, மின்டுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுற விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸ் 7-அ நெட்டு இல்லாம அடச்சு வச்சிருக்கேன், பேஜ்மேக்கருக்கு மட்டும். புது வேலையெல்லாம் எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுதான், அத அடிக்க தமிழ்99 கீபோர்டு முறைக்கு விரல் பழக ஒரு மாசம் ஆச்சு, அந்த மாசம் வீட்டுல யாருகிட்டயும் செரியா பேசல.

ஒருக்க ஜூன் மழையில அப்டேட் பாதியில ஓடும்போ கரண்டு போச்சு, யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கெடந்துச்சு. செரி முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். மச்சினன் போன்ல சொன்ன டிபிகேஜி கமாண்டு ஒரு வரி டெர்மினல்ல அடிச்சதும் விட்ட எடத்துல இருந்து ஓடி முடிச்சுட்டு. அன்னைலேந்து டைம்ஷிஃப்ட் பேக்கப் போடாம எந்த அப்டேட்டும் தொடுறதில்ல.

இப்ப 21.3-ல நிக்கேன், 2027 ஏப்ரல் வர சப்போர்ட் உண்டு, அதனால 22-க்கு அவசரமில்ல. கடையில ஆள் இல்லாத மத்தியானம் பழைய பாமினி நோட்டீஸ் ஒண்ணொண்ணா யூனிகோடுக்கு மாத்திட்டு இருக்கேன். 2016 வர முடிஞ்சிருக்கு.